பாரம் (படிவம்) எழுதும் கடையின் கணினிகள்: எதை வைத்தோம், எதை எடுத்தோம்

மீட்பு ஒத்திகை ஒருவழியாகச் சரியாக முடிந்தது. முன்மேசைக் கணினி திருடுபோய்விட்டதாக வைத்துக்கொண்டு அதை ஓரமாகத் தள்ளிவிட்டோம். நாலு ஜிபி நினைவகம் உள்ள பழைய லாப்டாப்பில் பெண்டிரைவ் வழியாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஓட்டி, அக்கா வீட்டில் காப்பு நகலாக இருந்த ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, கடையின் கோப்புகளை எல்லாம் திரும்ப எடுத்துவிட்டோம். ஏறக்குறைய 38 ஜிபி. லாப்டாப்பில் பழைய யுஎஸ்பி துளைதான், அதனால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. கணக்கு ஏடு திறந்தது, கோயில் கடிதங்கள் திறந்தன. இதே மாதிரிக் கடை நடத்துகிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் மொத்தத்தையும் எழுதி வைக்கிறேன்.

கடை மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில். நானும் அக்காவும் பார்த்துக்கொள்கிறோம். போட்டோஸ்டேட், லேமினேட், பாஸ்போர்ட் படம், தமிழிலும் மலாயிலும் கடிதம் அடித்துக் கொடுப்பது. வருமானத்தில் பாதிக்கு மேல் பாரம் நிரப்பும் வேலை. சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்தவர்கள் தாமான்களுக்கு, அதாவது ஊர்க் குடியிருப்புகளுக்கு, வந்துவிட்டார்கள். பிள்ளைகள் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ வேலை பார்க்கிறார்கள். ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் ஹேண்ட்போன் உண்டு, ஆனால் அதில் பாரம் நிரப்ப முடியவில்லை. 2024 மே மாதம் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பை மூன்று கணக்காகப் பிரித்து, மூன்றாம் கணக்கில் இருந்து குறைந்தது 50 வெள்ளி (ரிங்கிட்) முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஆனதும் கடையில் கூட்டம் கூடியது. அரசாங்கத்தின் எஸ்டிஆர் உதவித்தொகை, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), பிறப்புப் பத்திரம் என்று மற்றவையும் உண்டு.

அதாவது, ஊர் மக்களின் அடையாள அட்டை எங்கள் மேசை வழியாகத்தான் போகிறது. மைகார்ட் என்ற அந்த அட்டையின் எண்ணில் மொத்தம் 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (பேராக் என்றால் 08), கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். எண் மட்டும் தெரிந்தாலே ஒருவரைப் பற்றி இவ்வளவு தெரிந்துவிடும். படமும் முகவரியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வேலையைத் தொடங்க வைத்தது விண்டோஸ் 10. அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. முன்மேசைக் கணினி நான்காம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி நினைவகம். விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இன்டெலில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிறகானதோ. புதுக் கணினி வாங்கிவிடலாமா என்று அக்கா கேட்டார். இருப்பதிலேயே முடியும், முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம் என்றேன்.

தாளில் எழுதியது மென்பொருள் பெயர்களை அல்ல. கடைக்குள் என்னென்ன வருகிறது, எங்கே தங்குகிறது, எப்போது போகிறது என்பதை. ஸ்கேன் செய்த ஐசி (அடையாள அட்டை) ஒரு கோப்புறையில், தளங்களில் இருந்து இறக்கிய பிடிஎஃப் இன்னொன்றில், வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் போனின் கேலரியில், வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள் மேசை இழுப்பறையில் உள்ள நீலப் புத்தகத்தில். எழுதி முடித்ததும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: இதில் கடைக்குச் சொந்தமானது கொஞ்சம்தான். கணக்கு, கடித மாதிரிகள், கோயில், பள்ளி வேலைகள். மீதி எல்லாம் வேலை முடிந்த அன்றே போக வேண்டியவை. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதையே சொல்கிறது: தேவை முடிந்த பிறகும் வைத்திருக்கக் கூடாது. 2025 ஜூன் முதல், கசிவு நடந்து அதனால் பெரிய பாதிப்பு வரக்கூடும் என்றால் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டா, மறுபடி வந்து கேக்கிறவங்களுக்கு என்னப்பா பதில் சொல்றது?" என்றார் அக்கா. நியாயமான கேள்வி. திரும்ப வருகிறவர் ஐசியைக் கையோடுதான் கொண்டு வருகிறார், மறுபடி ஸ்கேன் செய்ய அரை நிமிடம் என்றேன். அரை மனதோடு ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எடுத்த முடிவுகள் எல்லாம் இந்த ஒன்றில் இருந்து வந்தவை.

இயங்குதளம் சீக்கிரம் முடிந்தது. முன்மேசைக்கு லினக்ஸ் மின்ட் 22, பழைய கணினிக்கும் ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 500 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன், 160 வெள்ளி. நிறுவும்போதே முழு வட்டையும் குறியாக்கம் செய்யும் தெரிவைத் தேர்ந்தெடுத்தேன். காலையில் திறக்கும்போது ஒரு நீளமான கடவுத்தொடர் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். கடையை உடைத்துக் கணினியைத் தூக்கிக்கொண்டு போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. பிரிண்டர் தானாகவே வந்துவிட்டது. ஸ்கேனருக்கு மட்டும் தயாரிப்பாளரின் டிரைவரைத் தேடிப் போட வேண்டியிருந்தது. கைரேகைக் கருவிக்கு விண்டோஸில் ஓடும் மென்பொருள்தான் இருக்கிறது. அதனால் உள்ளறையில் உள்ள புதிய கணினியை விண்டோஸ் 11-க்கு ஏற்றி, கைரேகை வேலைக்கென்று ஒதுக்கிவிட்டோம். எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றியே தீர வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இல்லை.

அதிக நேரம் எடுத்தது வாடிக்கையாளர் கோப்புறைதான்.

முதலில் செய்தது, இரவு எட்டு மணிக்கு அந்தக் கோப்புறையைத் தானாகக் காலி செய்யும் ஒரு சிறு ஏற்பாடு. ஓடியது. ஆனால் கடையைச் சீக்கிரம் பூட்டும் நாளில் எட்டு மணிக்குக் கணினியே அணைந்திருக்கும். அதோடு, எஸ்எஸ்டியில் ஒரு கோப்பை அழித்தால் அது உடனே உண்மையாக மறைந்துவிடும் என்று நம்ப முடியாது. அதனால் அதைக் கைவிட்டு, கோப்புறையையே நினைவகத்தில் வைத்தேன். லினக்ஸில் டிஎம்பிஎஃப்எஸ் என்று ஒரு வசதி உண்டு: பார்ப்பதற்குச் சாதாரணக் கோப்புறை, ஆனால் இருப்பது ரேமில். கணினியை அணைத்தால் உள்ளே உள்ளது போய்விடும். எட்டு ஜிபியில் ஒரு ஜிபியை இதற்கு ஒதுக்கினேன். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளியில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் 2480-க்கு 3508 படப்புள்ளி. அதை ஜேபெக்காக வைத்தால் ஒன்றிரண்டு எம்பிதான். எவ்வளவு கூட்டமான நாளிலும் ஒரு ஜிபி நிரம்பவில்லை. நினைவகம் தட்டுப்பட்டால் ரேமில் உள்ளது வட்டின் மாற்றுப் பகுதிக்குப் போகக்கூடும். ஆனால் அந்தப் பகுதியும் குறியாக்கத்துக்குள்ளேயே இருக்கிறது.

சிக்கல் வானத்தில் இருந்து வந்தது. இந்த ஊரில் பிற்பகல் மழையும் இடியும் எப்படி என்று பேராக்கில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாலை கரண்ட் போனது, நாலு பேருடைய ஸ்கேன்கள் பாதி வேலையில் போயின. நால்வரும் கடையிலேயே உட்கார்ந்திருந்ததால் மறுபடி எடுத்துக்கொண்டோம். அடுத்த முறை ஈப்போ போனபோது கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓட வைக்கும் 650 விஏ யுபிஎஸ் ஒன்று வாங்கி வந்தேன், 210 வெள்ளி. கணினியும் மானிட்டரும் மட்டும் அதில். பிரிண்டரைச் செருகவில்லை, லேசர் பிரிண்டர் சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தை இந்த அளவு யுபிஎஸ் தாங்காது. கையில் இருக்கும் வேலையை முடித்து அனுப்ப நேரம் கிடைக்கிறது, அது போதும்.

அப்புறம், கோப்புகள் வேறு எங்கெல்லாம் தங்குகின்றன என்று தேடினேன். அச்சிடும் அமைப்பான கப்ஸ், அச்சிட்ட கோப்பின் நகலை இயல்பாகவே ஒரு நாள் வைத்திருக்கும். அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி நிறுத்தினேன். ஸ்கேன் மென்பொருளின் சேமிப்பிடம், பிரவுசரின் பதிவிறக்க இடம் இரண்டையும் நினைவகக் கோப்புறைக்குத் திருப்பினேன். அண்மையில் திறந்தவை பட்டியலையும் நிறுத்தினேன். பெரிய போட்டோஸ்டேட் இயந்திரங்கள் பலவற்றில் உள்ளேயே ஹார்ட் டிஸ்க் இருக்கும் என்பதும் நினைவுக்கு வந்தது. எங்களுடையது சிறியது, இல்லை. உங்களுடையது வாடகை இயந்திரம் என்றால் திருப்பிக் கொடுக்கும் முன் கேட்டுப் பாருங்கள்.

ஐசி நகலுக்கு, இலவச அலுவல் தொகுப்பான லிப்ரே ஆபிஸின் டிரா என்ற வரையும் செயலியில் ஒரு மாதிரித் தாள் செய்தேன். 85.6-க்கு 54 மில்லிமீட்டரில் இரண்டு கட்டங்கள், முன்பக்கமும் பின்பக்கமும். மேலே குறுக்காக இரண்டு கோடுகள், நடுவில் எந்த வேலைக்கான நகல் என்று மலாயில் எழுத இடம். முன்பெல்லாம் நகலில் பேனாவால் கோடு போடச் சொல்லுவோம், பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். இப்போது கோடு இல்லாமல் நகல் வெளியே போவதில்லை. இந்த மாற்றங்கள் அனைத்திலும் அக்காவுக்குப் பிடித்தது இதுதான்.

அடுத்து கடவுச்சொற்கள். கடைக்குச் சொந்தமானவற்றுக்கு முதலில் கீபாஸ் எக்ஸ்சி என்ற கடவுச்சொல் பெட்டகத்தை வைத்துப் பார்த்தேன். நல்ல கருவி, எல்லாம் ஒரே கோப்பில், இணையத்துக்குப் போகாது. இரண்டு கணினியிலும் அந்தக் கோப்பு ஒரே மாதிரி இருக்க, கணினிகளுக்கு இடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் வைத்தேன். அக்கா உள்ளறையிலும் நான் முன்மேசையிலும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பதிவைச் சேர்க்க, முரண் நகல் என்று இரண்டாவது கோப்பு முளைத்தது. கீபாஸ் எக்ஸ்சியில் இரண்டையும் இணைக்க வழி உண்டு, எனக்கு அது பெரிய வேலையும் இல்லை. ஆனால் நான் இல்லாத நாளில் அக்கா அதைச் செய்ய வேண்டுமே. தனியாக வேலை பார்க்கும் ஒருவருக்கு இன்றும் கீபாஸ் எக்ஸ்சியைத்தான் சொல்வேன். எங்களுக்குப் பொருந்தியது, பெட்டகத்தை இணையத்தில் வைக்கும் பிட்வார்டன். அதன் இலவச அமைப்பில் இரண்டு பேர் சேர்ந்து கடவுச்சொற்களைப் பகிரலாம். நாங்களும் இரண்டு பேர்தான்.

இணையத்தில் வைப்பது பாதுகாப்பா என்று அக்கா கேட்டார். 2022-இல் இதே மாதிரிச் சேவையான லாஸ்ட்பாஸில் இருந்து பயனர்களின் பெட்டக நகல்களே திருடப்பட்டன. அதில் கடவுச்சொற்கள் குறியாக்கத்தில் இருந்தாலும், எந்தெந்தத் தளங்கள் என்ற முகவரிகள் வெளிப்படையாக இருந்தன. பிட்வார்டன் முகவரிகளையும் சேர்த்துக் குறியாக்கம் செய்கிறது, அதன் நிரலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இருந்தாலும் பெட்டகம் திருடுபோனால் காப்பது முதன்மைக் கடவுத்தொடரின் நீளம்தான். பகடை உருட்டித் தேர்ந்த ஆறு சொற்களில் அமைத்தோம். தமிழும் மலாயும் கலந்து நானே எழுதிய பட்டியலில் இருந்து வந்த சொற்கள், ரோமன் எழுத்தில். அக்காவுக்குச் சீக்கிரமே மனப்பாடம் ஆகிவிட்டது.

நீலப் புத்தகம்தான் கடினமாக இருந்தது. அதில் இருந்தவை வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள். அவர்களே "நீங்களே எழுதி வெச்சுக்கோங்கம்மா" என்று சொல்லிக் கொடுத்தவை. அவற்றையும் பிட்வார்டனில் ஏற்றிவிடலாம் என்பது அக்காவின் யோசனை. நான் மறுத்தேன். ஒருவருடைய இபிஎஃப் கணக்கின் சாவி கடையில் இருந்தால், அங்கே என்ன நடந்தாலும் அதற்குக் கடை பதில் சொல்ல வேண்டிவரும். அதைவிட, அது அவருடைய பணம், சாவி அவரிடம்தான் இருக்க வேண்டும்.

தீர்வுக்கு மென்பொருளே தேவைப்படவில்லை. மளிகைக் கடைகளில் கடன் எழுதும் 555 புத்தகம் இருக்கிறதே, அதைக் கட்டாக வாங்கி வந்தோம். யார் வந்தாலும் அவருக்கு ஒன்று. அவர் கையாலேயே, முடியாதவர் என்றால் வீட்டு ஆள் ஒருவர் கையால், கடவுச்சொல்லை எழுதி வீட்டு அலமாரியில் வைக்கச் சொல்கிறோம். ஐசியோடு சேர்த்துப் பையில் போட வேண்டாம் என்று மட்டும் அழுத்திச் சொல்கிறோம். ரப்பர் மரத்தில் பால்வெட்டி ஓய்வுபெற்ற ஒரு பாட்டி, "எங்கிட்ட இருந்தா தொலைஞ்சிடும் தம்பி" என்றார். "உங்க ஐசி இத்தனை வருஷமா தொலையலையே பாட்டி" என்றேன். கொஞ்சம் யோசித்து வாங்கிக்கொண்டார். அடுத்த முறை வந்தபோது புத்தகம் கையில் இருந்தது. எழுதிக் கொடுத்த ஒவ்வொரு பெயரையும் நீலப் புத்தகத்தில் இருந்து கிழித்து எடுத்துப் பொடியாக நறுக்கினோம். வந்து வாங்காதவர்களுக்கு அக்காவே போன் செய்தார்.

பிரவுசர் ஃபயர்ஃபாக்ஸ். மூடும்போது குக்கீகளும் வரலாறும் அழிய வேண்டும், கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்கவே கூடாது, இந்த இரண்டு அமைப்புகள். ஒருவர் எழுந்து போனதும் ஃபயர்ஃபாக்ஸை மூடித் திறப்பது பழக்கமாகிவிட்டது. முந்தைய ஆளின் கணக்கு திறந்தபடி இருக்கும் பேச்சே இல்லை. யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டது விளம்பரத் தொல்லைக்காக மட்டும் அல்ல. தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்புகளில் போலி அரசாங்கத் தளங்களும் கலந்து வரக்கூடும். அதனால் தேடுவதையே நிறுத்தினோம். அடிக்கடி போகும் தளங்களைப் புக்மார்க் பட்டையில் வரிசையாக வைத்து, அங்கிருந்து மட்டுமே திறக்கிறோம். வேலையும் வேகமாகிவிட்டது.

கடைப் போன்: வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் கேலரிக்குப் போவதை நிறுத்தினேன். இல்லாவிட்டால் அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கும் ஏறிவிடும். புதிய உரையாடல்களுக்கு மறையும் செய்தியை 24 மணி நேரத்துக்கு வைத்தோம். இரண்டடுக்குச் சரிபார்ப்பின் ஆறு இலக்க எண்ணும் போட்டோம். கல்யாண அழைப்பிதழ் என்ற பெயரில் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பிப் பணத்தைச் சுருட்டும் வேலை நாடு முழுக்க நடக்கிறது. கடைக்கோ தினமும் தெரியாத எண்களில் இருந்து கோப்பு வரும். வெளியில் இருந்து செயலி நிறுவும் அனுமதியை வாட்ஸ்அப், பிரவுசர் இரண்டுக்கும் எடுத்துவிட்டேன். மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணைப் பெரிதாக அச்சிட்டு, வாடிக்கையாளர் கண்ணிலும் படும்படி ஒட்டினோம்.

அலுவல் தொகுப்பு லிப்ரே ஆபிஸ். உரிமம் இல்லாத நகலும், அதைத் திறக்க வைக்கும் சட்டவிரோதக் கருவியும் இருக்கும் கணினியில் ஐசி ஸ்கேன் செய்வது எனக்கு ஒத்துவரவில்லை. தமிழுக்கு நோட்டோ எழுத்துருக்களும் தமிழ்99 விசைப்பலகையும். அக்கா முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் காலத்தில் இருந்தே ஒலிமுறையில் அடித்துப் பழகியவர், அவருக்கு ஒலிமுறை ஒன்றையும் சேர்த்தேன். சில எழுத்துச் சேர்க்கைகள் பழகியபடி வரவில்லை, இரண்டு வாரத்தில் சரியானது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பழைய கோயில் கடிதங்களை மாற்றும் வேலை இன்னும் பாக்கி. மாற்றியதைத் தாளோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் மூலத்தை அழிக்காதீர்கள்.

காப்பு நகலுக்கு முதலில் டேஜா டுப் என்ற செயலி. எளிமையானது, ஆனால் ஒரு சேமிப்பிடத்தை மட்டுமே வைத்துக்கொள்ளும். எங்களுக்கு இரண்டு டிஸ்க் வேண்டும்: ஒன்று கடையில், ஒன்று அக்கா வீட்டில், வாரம் ஒருமுறை இடம் மாறும். மாற்றும்போதெல்லாம் அமைப்பைத் திறந்து திருத்துவது நடக்கிற காரியம் இல்லை. வோர்ட்டா என்ற செயலிக்கு மாறினோம். உள்ளே வேலை செய்வது போர்க் என்ற கருவி. டிஸ்க்குக்கு ஒன்றாக இரண்டு அமைப்பு, எந்த டிஸ்க் செருகியிருக்கிறதோ அதற்கான பொத்தான். முதல் நகல் நேரம் எடுக்கும். அடுத்தடுத்தவை மாறியதை மட்டும் எழுதுவதால் சில நிமிடம்தான். குறியாக்கச் சாவி டிஸ்க்கிலேயே இருக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். சாவி கணினியில் மட்டும் இருந்தால், கணினி போகும்போது நகலும் பயனற்றதாகிவிடும். மின்டோடு வரும் டைம்ஷிஃப்டைப் பலர் காப்பு நகல் என்று நினைக்கிறார்கள். அது இயங்குதளத்துக்கானது; உங்கள் கோப்புகளை இயல்பாக எடுக்காது.

முதல் ஒத்திகை நடுவழியில் நின்றது. டிஸ்க்கைத் திறக்கும் கடவுத்தொடர் பிட்வார்டனில் இருந்தது. அக்கா கணக்கில் அப்போது இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடவில்லை. அதனால் புதிய கணினியில் நுழையும்போது பிட்வார்டன் மின்னஞ்சலுக்கு ஓர் எண்ணை அனுப்பியது. மின்னஞ்சலின் கடவுச்சொல் எங்கே? பிட்வார்டனுக்குள். போனில் மின்னஞ்சல் திறந்திருந்ததால் தப்பித்தோம். போனும் சேர்ந்து தொலைந்திருந்தால் வெளியிலேயே நின்றிருப்போம். இப்போது இரண்டடுக்கு எண்களை உருவாக்கித் தரும் ஏஜிஸ் செயலியில் அதை வைத்து, மீட்புக் குறியீடு, முதன்மைத் தொடர், மின்னஞ்சல் கடவுச்சொல், கணினியையும் டிஸ்க்குகளையும் திறக்கும் தொடர்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் கையால் எழுதினோம். உறையில் போட்டு ஒட்டி அக்கா வீட்டு இரும்பு அலமாரியில் வைத்தாயிற்று. இரண்டாவது ஒத்திகையில் அந்த உறையைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். அதுதான் சரியாக முடிந்தது.

செலவு: எஸ்எஸ்டி 160, ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு 460, யுபிஎஸ் 210, பெண்டிரைவ் 20. மொத்தம் 850 வெள்ளி. மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை. மின்ட் திட்டத்துக்கு 50 வெள்ளி நன்கொடை அனுப்பினோம். மறுபடி செய்வதாக இருந்தால் யுபிஎஸ்ஸை முதலில் வாங்குவேன், ஒத்திகையை முதல் நகல் எடுத்த கையோடு வைப்பேன். உள்ளறை விண்டோஸ் கணினியில் பழைய ஸ்கேன்கள் இன்னும் கொஞ்சம் சிதறிக் கிடக்கின்றன. அலமாரியின் மேல்தட்டில் அந்தக் காலத்தில் எழுதி வைத்த சிடிகளும் ஒரு பெட்டி இருக்கின்றன. தைப்பூச விடுமுறையில் அந்தப் பெட்டியை இறக்கி, கோயில் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டிப் போடுவதாக இருக்கிறோம்.